கடலோரச் சாலை – 12: இரு முனையிலும் பள்ளிக்கூடம்

சென்ற இதழில் தென்பெண்ணையைக் கடந்து மஞ்சக்குப்பத்தில் வந்து நின்றோம். இனி தெற்கே போகிறோம். கெடிலம் பாலம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், சிப்காட்டின் ரசாயன ஆலைகள், பிறகு பூண்டியாங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாறு, சி.முட்லூர், சிதம்பரம். ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போர்களை எழுதப் புகுந்தால் தேவனாம்பட்டினம் கோட்டையிலேயே மூன்று இதழ் ஓடிவிடும். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பரங்கிப்பேட்டையில் மோதியதற்கு இன்னும் இரண்டு இதழ் வேண்டும். அவற்றையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தச் சாலைக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. அது பள்ளிக்கூடங்களின் வரலாறு. என் மனம் அதிலேதான் நிற்கிறது.

கடலூர் முனையில் 1717லேயே பள்ளி வந்துவிட்டது. சிதம்பரம் முனையில் 1864இல் ஒன்று, 1916இல் ஒன்று, 1929இல் ஒரு பல்கலைக்கழகமே வந்துவிட்டது. பரங்கிப்பேட்டை, புவனகிரி மாதிரியான பழைய ஊர்களை விட்டுவிட்டால், நடுவில் கிடந்த கிராமங்களுக்கு உயர்நிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் நாடு விடுதலை பெற்ற பிறகு வந்த சங்கதி. ஒரே சாலைதான். முனையில் பிறந்த பிள்ளைக்கும் நடுவில் பிறந்த பிள்ளைக்கும் இடையே தலைமுறைக் கணக்கில் தூரம் இருந்திருக்கிறது. அந்தத் தூரம் எப்படிக் குறைந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் இந்த இதழ்.

கடலூரிலிருந்து தொடங்குவோம். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டை வந்தால் வியாபாரம் வரும், வியாபாரம் வந்தால் கணக்கெழுத ஆள் வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திவந்த டேனிஷ் மிஷன், சென்னை ஆளுநர் ஜோசப் காலெட்டின் ஆதரவோடு 1717இல் கடலூரில் தருமப் பள்ளி தொடங்கியது. வங்காளத்தில் பிளாசிப் போர் நடப்பதற்குச் சரியாக 40 ஆண்டுகளுக்கு முந்திய கதை இது.

1740இல் கீர்னாண்டர் என்கிற பாதிரியார் கடலூருக்கு வந்தார். சுவீடன் நாட்டுக்காரர். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் படித்தவர். பதினெட்டு ஆண்டுகள் இங்கேயே இருந்து தேவாலயத்தையும் பள்ளியையும் கவனித்துக்கொண்டார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும் கோட்டையையும் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. தரங்கம்பாடி போய், அங்கிருந்து கல்கத்தா போய்ச் சேர்ந்தார். வங்காளத்தின் முதல் புராட்டஸ்டன்ட் மிஷனை ஆரம்பித்தவர் அவர்தான். கல்கத்தாவின் பழைய மிஷன் தேவாலயம் அவர் கட்டியது. கடலூரில் பாடம் நடத்திப் பழகிய கைதான் கல்கத்தாவிலும் பள்ளி திறந்தது என்பதைக் கடலூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொள்ளலாம். அவருக்குப் பிறகு கெரிக்கே என்ற பாதிரியார் வந்தார். 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கடலூரைப் பிடித்தார்கள். அவரும் நாகப்பட்டினம் போனார். ஒவ்வொரு சண்டையிலும் பள்ளி கலைந்தது, ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் யாரோ ஒருவர் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி உட்கார வைத்தார். கோட்டையைப் பிடித்தவர்கள், இழந்தவர்கள் பெயரெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைத் திரும்பக் கூட்டியவர்களின் பெயரும் அதே பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மிஷன் பள்ளிதான் முதல் பள்ளி என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். அதற்கு முன்பும் பின்பும் ஊருக்கு ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்குப் போய், அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று மனப்பாடத்திலேயே வளர்ந்த படிப்பு அது. வாத்தியாருக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவும் காய்கறியாகவும் வந்து சேரும். வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று ஒவ்வொரு கலெக்டரிடமும் கணக்குக் கேட்டார். 1826இல் வந்து சேர்ந்த கூட்டுத்தொகை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தமிழ் மாவட்டங்களின் பட்டியலில் பெரும்பகுதி பிராமணரல்லாத சாதிகளின் பிள்ளைகள்தாம். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே பட்டியலில் பெண் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான். சேரிப் பிள்ளைக்கோ அந்தத் திண்ணையில் கால் வைக்கவே வழியில்லை. பழைய கல்வி முறையைப் புகழ்கிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இகழ்கிறவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். ஏனென்றால் இந்தச் சாலையின் சிதம்பரம் முனையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இரண்டும் தேவைப்படுகிறது.

1801இல் தென்னார்க்காடு கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. மஞ்சக்குப்பம் மாவட்டத் தலைநகரானது. கச்சேரி, கஜானா, கோர்ட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. குமாஸ்தா வேலைக்கு இங்கிலீஷ் தெரிந்தவன் வேண்டியிருந்தான். நூற்றாண்டின் பிற்பாதியில் கத்தோலிக்கப் பாதிரிமார்களின் சூசையப்பர் பள்ளி மஞ்சக்குப்பத்தில் நிலைகொண்டது. நகரத்து வக்கீல், குமாஸ்தா, வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புக்குக் குறையில்லாமல் போயிற்று. ஒன்றை இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. பள்ளிகள் இவ்வளவு நிறைந்த இதே மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பிற்பாடு ஞானபீடம் வாங்கினார். கட்சி அலுவலகமும் அச்சுக்கூடமும் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. பள்ளி பக்கத்தில் இருந்தும் ஒரு பிள்ளை வெளியே நிற்கக்கூடும் என்பதற்கு, நம் இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றே சாட்சி.

இனி சிதம்பரம். நடராஜர் கோயிலின் நான்கு வீதிகளைச் சுற்றி மடங்களும் சத்திரங்களும் நிறைந்த ஊர். யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குச் சிதம்பரம் சொந்த ஊருக்கு அடுத்த ஊர். கடல் தாண்டி வந்து இங்கே மடம் கட்டினார்கள், அறக்கட்டளை வைத்தார்கள். அந்த வழியில் வந்தவர்தான் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், 1864இல் அதே பெயரில் சிதம்பரத்தில் ஒரு பள்ளியை நிறுவினார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வகுப்பு வாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது, அச்சிட்ட பாடப்புத்தகம் கொடுப்பது, நேரம் குறித்துப் பாடம் நடத்துவது ஆகியவற்றையெல்லாம் மிஷன்காரர்களிடம் கற்று, சைவப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். அவர் எழுதிய பாலபாடங்கள் கடலின் இரு கரையிலும் பிள்ளைகள் கையில் இருந்தன. நாவலருடைய சைவம் சாதி ஒழுங்கை விட்டுக்கொடுக்காத சைவம். அவர் பள்ளிக்கும் அந்த எல்லை இருந்தது. தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததை மதிக்கிறவன்தான் நான். மதிப்பதாலேயே இதையும் எழுதுகிறேன்.

அந்த எல்லைக்கு வெளியே நின்றவர்களுக்குப் பள்ளி கட்டியவர் சுவாமி சகஜானந்தர். தென்னார்க்காட்டின் பள்ளிக்கூட வரலாற்றில் இவரைவிடப் பெரிய பெயர் எனக்குத் தெரியவில்லை.

1890 ஜனவரி 27 அன்று ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகச் சேர்ந்து வேதாந்தமும் சமஸ்கிருதமும் கற்றார். 1910இல் சிதம்பரம் வந்தார். இருபது வயது. காவி உடுத்திய பறையர் சாதித் துறவி, நந்தன் உள்ளே நுழைய முடியாமல் நின்ற அதே கோயிலின் ஊருக்கு வந்து, ஓமக்குளத்தருகே தங்குகிறார். நந்தனார் தீப்புகுந்த இடம் என்று ஊர் நம்புகிற இடம் அது. அங்கே மடம் கட்டிப் பூஜை செய்துகொண்டு இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தி, 25 பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் திறந்தார்.

அந்த 25 பேரை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் குடும்பங்கள் காவிரிக் கடைமடையில் பண்ணை வேலை செய்தவை. விடிந்தால் மாடு ஓட்டிக்கொண்டு போக வேண்டிய வயதில் பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீட்டுக்கு அன்றைய கூலி போகும். பண்ணையார் சும்மா இருப்பாரா என்பது அடுத்த பயம். பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்துவந்து திரும்ப முடியாது, வழியில் ஊர்த்தெரு குறுக்கிடும். ஆகவே இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி மட்டும் போதாது, தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் வேண்டும். சகஜானந்தர் அதைப் புரிந்துகொண்டு மாணவர் விடுதியையும் சேர்த்தே நடத்தினார். சோற்றுக்கு நன்கொடை கேட்டு அலைந்தார். 1926இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். உதவித்தொகை, விடுதி, நிலம் என்று அங்கும் இதையே பேசினார். 1959 மே 1 அன்று காலமாகும்போதும் சிதம்பரம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். தென்னார்க்காடு, தஞ்சை மாவட்டங்களில் தாழ்த்தப்பட்ட குடும்பங்களிலிருந்து முதன்முதலாக ஆசிரியராகவும் அரசு ஊழியராகவும் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டன் நந்தனார் பள்ளியில் படித்தார் என்று சொல்லும் வீடுகள் நிறையக் கிடைக்கும்.

சிதம்பரத்துக்கு மேற்கே காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்த இளையபெருமாளின் கதையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவர் படித்த பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தண்ணீர் குடிக்கத் தனிப் பானை வைத்திருந்தார்கள். சிறுவனாக இருந்த அவர் அந்தப் பானையை உடைத்தார். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கடலூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 27. தீண்டாமையைப் பற்றி ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் அளித்த அறிக்கை இந்தியா முழுவதிலும் நடந்த கொடுமைகளை ஊர் ஊராகப் பதிவு செய்தது. அந்தக் கேள்வியை அவர் முதன்முதலில் எழுப்பியது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையிடம்.

அண்ணாமலை செட்டியார் கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகவே போகிறேன். 1920இல் மீனாட்சி கல்லூரி. 1924இல் மீனாட்சி தமிழ்க் கல்லூரி. அதன் முதல்வர் உ.வே.சாமிநாதையர். இந்தக் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் தர அவர் முன்வந்ததால் 1928இல் சட்டம் வந்தது, 1929 ஜனவரி 1 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. திருவேட்களத்து வயல்வெளி ஒரு நகரமாயிற்று. நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே மாணவர்கள். தமிழ்நாட்டின் பிற்கால அரசியல் மொழியின் ஒரு பகுதி இந்த விடுதிகளில் உருவானது. 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவர் சிலை பல்கலைக்கழக வாசலில் நிற்கிறது.

முனைகள் இரண்டையும் பார்த்துவிட்டோம். இனி நடுவுக்கு வருவோம்.

1870களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை கடலூர் வழியாகத் தஞ்சாவூர்ப் பக்கம் போனது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்கள் வந்தன. காலையில் பாசஞ்சரைப் பிடித்தால் கடலூர்ப் பள்ளிக்கும் போகலாம், சிதம்பரத்துக் கல்லூரிக்கும் போகலாம். ஆனால் யார் போனார்கள்? சீசன் டிக்கெட்டுக்குக் காசு இருந்தவன், மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தவன். மற்றவர்களுக்கு ரயில் என்பது வயலில் நின்று பார்க்கிற பொருள். பாதை ஊர் வழியாகப் போவதாலேயே படிப்பு ஊருக்குள் இறங்கிவிடாது என்பதை இந்த 45 கிலோமீட்டர் எழுபது எண்பது ஆண்டுகள் நிரூபித்துக்கொண்டிருந்தது.

அது மாறியது 1950களில்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டம் 1954இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. பொதுக்கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு இருந்தார். ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது இலக்கு. 1956இல் மதிய உணவு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் நாற்காலியும் மணியும் நிலமும் கொடுத்தார்கள். சாலையோரத்து ஊர்களிலெல்லாம் கீற்றுக் கொட்டகைகளிலும், யாராவது கொடுத்த பழைய வீட்டிலும் வகுப்புகள் ஆரம்பமாயின.

இதே காலத்தில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் எதிர்த்திசையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அயோவாவிலும் இல்லினாயிலும் இரண்டு மைலுக்கு ஒன்றாக இருந்த ஓரறைப் பள்ளிகளை, நல்ல சாலையும் மோட்டார் வண்டியும் வந்த பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். பல ஊர்ப் பிள்ளைகளை ஒரு பெரிய பள்ளிக்கு பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1939இல் நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாட்டில்தான் பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறம் என்று முடிவானது. பள்ளி மூடியதோடு அந்தச் சிற்றூர்களின் உயிரும் போயிற்று என்று வருந்தி எழுதியவர்கள் அங்கே ஏராளம். அங்கே சாலை வந்து பள்ளியை எடுத்துக்கொண்டு போனது. இங்கே நம்மவர்கள் பள்ளியைச் சாலை வழியாகப் பிள்ளையின் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். வறுமையில் இருந்த ஒரு மாநிலம் எடுத்த முடிவு அது. பஸ் வாங்கக் காசில்லாததால் எடுத்த முடிவு என்று சிலர் சொல்வார்கள். ஒரு மைலுக்குமேல் நடக்க முடியாத ஆறு வயதுப் பிள்ளையை மனதில் வைத்து எடுத்த முடிவு என்பதே என் எண்ணம். இன்று மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த ஒரு மைல் கணக்கை யாராவது மேசைமீது வைக்க வேண்டும்.

ஆரம்பப் பள்ளிக்கு அடுத்தபடி கல்லூரி. 1964இல் கடலூரில் அரசுக் கல்லூரி வந்தது, இன்றைய பெரியார் கலைக் கல்லூரி. 1982இல் சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி. வெள்ளாற்றுக்கு வடகரையில் பி.முட்லூர், தென்கரையில் சி.முட்லூர். பி.முட்லூரில் சாலை பிரிகிறது. ஒரு கிளை கிழக்கே பரங்கிப்பேட்டைக்கு, இன்னொன்று மேற்கே புவனகிரிக்கு.

காலை எட்டு மணிக்கு அந்தக் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். நீல பேன்ட், சுடிதார் சீருடை, கல்லூரி அடையாள அட்டைக் கயிறு, கையில் டிபன் கேரியர் என்று ஒரு கூட்டம் நிற்கும். கடலூர்–சிதம்பரம் வழியில் தனியார் பஸ்கள் அதிகம். மாணவர் இலவச பாஸ் அரசு பஸ்ஸில்தான் செல்லும். ஆகவே இரண்டு தனியார் பஸ் காலியாக வந்து போனாலும் பிள்ளைகள் ஏறாமல் அரசு பஸ்ஸுக்காக நிற்பார்கள். அது வரும்போது ஏற்கெனவே நிறைந்திருக்கும். தூரத்து ஊர் பஸ் சிறிய நிறுத்தங்களில் நிற்காது, நின்றாலும் பத்தடி தள்ளி நிற்கும். பையன்கள் ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொற்றிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள், முதல் பீரியட் போகும். படிக்கட்டில் தொங்குகிறவனை எல்லோரும் கண்டிக்கிறார்கள். தொங்காமல் பின்தங்கிப்போன பெண்ணின் வருகைப் பதிவேட்டை யாரும் பார்ப்பதில்லை.

பெண் பிள்ளைகள் என்றதும் சைக்கிளைச் சொல்ல வேண்டும். 2001–02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு மேல்நிலை வகுப்பில் இலவச சைக்கிள் தரத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பத்தாவதோடு நிற்க வேண்டிய பெண், நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குத் தானே மிதித்துக்கொண்டு போக முடிந்தது. அதைக் கண்டுதான் மற்ற மாநிலங்களும் இந்த வழிக்கு வந்தன என்று சொல்ல மாட்டேன், அவரவர்க்கு அவரவர் காரணம் இருக்கும். ஆனால் இந்தச் சாலையோரத்தில் அந்தச் சைக்கிள் செய்ததைக் கண்ணால் பார்க்கலாம். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது ஆகிறது.

இனி சாலையின் கதை. நெடுங்காலம் இது தேசிய நெடுஞ்சாலை 45ஏ, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் வரை. எண்களை மாற்றியமைத்தபோது 32 ஆயிற்று. இருபுறமும் புளியமரம் நின்ற இருவழிப் பாதையாகத்தான் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லும் உளுந்தும் காயும், மற்ற பாதியில் லாரி போகும். இப்போது நாற்கரச் சாலையாக விரிந்து, கடலூர் நகருக்குள் நுழையாமலே பூண்டியாங்குப்பத்துக்கு வந்துவிடலாம், அங்கிருந்து கொள்ளிடத்துக்கு அப்பால் சட்டநாதபுரம் வரை ஒரே ஓட்டம். சென்னைக்கும் நாகைக்கும் போகிறவர்களுக்கு மணிக்கணக்கில் மிச்சம். அதில் எனக்கு மகிழ்ச்சியே. மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸும் இதில்தான் போகிறது.

ஆனால் நாற்கரச் சாலை இருவழிச் சாலையைப் போல ஊரின் தெரு அல்ல. வீடு ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம் என்றிருந்தால் பிள்ளை நான்கு தடத்தைக் கடக்க வேண்டும். சுரங்கப்பாதை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் எந்தப் பிள்ளையும் அதுவரை நடக்காது, நடுத் தடுப்பைத் தாண்டிக் குதிக்கும். விரைவுச் சாலைக்கு வரைபடம் போடுகிறவர்கள் லாரியின் வேகத்தைக் கணக்கிட்டு வளைவை அமைக்கிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் எத்தனை பிள்ளைகள் எந்த இடத்தில் குறுக்கே போகிறார்கள் என்ற கணக்கையும் அதே தாளில் எழுத வேண்டும். பள்ளி எதிரே நடைமேம்பாலமோ சுரங்கவழியோ போடச் சொல்லி ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் இடங்கள் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை எங்கும் இருக்கின்றன. மனு கொடுத்துத்தான் இதை வாங்க வேண்டும் என்பது சரியில்லை.

சாலையிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனால் இன்னும் பின்தங்கிய ஒரு கணக்கு இருக்கிறது. இருளர் குடியிருப்புகள். உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். பிள்ளைகளும் கூடவே இறங்குவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிள்ளைக்கு எதிரேயிருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற தீவுக் குடியிருப்பு பெரிய உயிர்ச்சேதம் கண்டது. அதன்பிறகுதான் அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் இந்தக் கரையைக் கூர்ந்து பார்த்தன. இருளர் பிள்ளைகளுக்குப் பள்ளி பக்கத்தில் வந்த பிறகும், பத்தாம் வகுப்பைத் தாண்டும்போது சாதிச் சான்றிதழ் என்ற மதில் எதிரே நிற்கிறது. பழங்குடி என்று கோட்டாட்சியர் சான்று தராமல் விடுதியும் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் கிடைக்காது. அப்பாவிடம் சான்றிதழ் இல்லை, ஏனென்றால் அப்பா பள்ளிக்கே போகவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையிடம் முந்திய தலைமுறையின் காகிதத்தைக் கேட்கும் இந்த நடைமுறையை மாற்ற ஒரு மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் போதும். சிறப்பு முகாம் நடத்தி ஒரே நாளில் சான்றிதழ் கொடுத்த அதிகாரிகளும் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறார்கள்.

அண்ணாமலை நகருக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். 2013இல் நிதி நெருக்கடியால் பல்கலைக்கழகத்தை மாநில அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு இருந்தது. அரசுக் கல்லூரிக்கு அரசுக் கட்டணமே வேண்டும் என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 50 நாளுக்கு மேல் நீண்டது. விடுதியை மூடினார்கள், அவர்கள் கலையவில்லை. 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது, கட்டணமும் இறங்கியது. அதற்குச் சில மாதம் முன்புதான், 2020இல், அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திருந்தது.

இரண்டையும் சேர்த்து வையுங்கள். புதுச்சத்திரத்திலோ ஆலப்பாக்கத்திலோ அரசுப் பள்ளியில் படிக்கிற ஒரு பெண், வீட்டிலிருந்து அரை மணி பஸ் தூரத்தில், தன் குடும்பம் கட்டக்கூடிய கட்டணத்தில் மருத்துவம் படிக்க இப்போது வழி இருக்கிறது. 1717இலிருந்து கணக்கிட்டால் இந்த வழி திறக்க முந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. காலை எட்டு மணிக்கு அவள் ஏறக்கூடிய ஒரு அரசு பஸ்ஸைக் கூடுதலாக விட அவ்வளவு காலம் ஆகக் கூடாது.

அடுத்த இதழில் கொள்ளிடத்தைக் கடந்து சீர்காழிக்குள் நுழைவோம்.

(தொடரும்)